வாட் ஒரு பக்கம், இதயத் துடிப்பு ஒரு பக்கம்: சைக்கிள் பயிற்சியில் இரண்டு அளவுகள்



தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூரிலிருந்து பத்துமலைக்குச் சைக்கிளில் போய் முருகனைக் கும்பிட்டு வரலாம் என்று எங்கள் இளைஞர் குழுவில் முடிவெடுத்தோம். தூரம் சுமார் 60 கிலோமீட்டர். போவது சைக்கிளில், திரும்புவது லாரியில். ஒன்பது பேர் பெயர் கொடுத்தோம். வயது 17-லிருந்து 44 வரை.

முதல் பயிற்சி நாளில் எல்லாரும் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் போவது என்று பேச்சு. ஈஜோக் வருவதற்குள் மூன்று பேரைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒருத்தர் கால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தம்பி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். "நாளைக்கு நான் வரல அண்ணே" என்றான். அவன்மேல் தப்பில்லை. ஒன்பது வெவ்வேறு உடம்புகளுக்கு ஒரே வேகத்தை அளவாக வைத்த எங்கள்மேல்தான் தப்பு.

வேகத்தை வைத்து உழைப்பை அளக்க முடியாது. காற்றை எதிர்த்துத் தள்ளும் உழைப்பு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. காற்றுக்காகக் கொடுக்க வேண்டிய திறனோ மூன்று மடங்குக்கும் மேல். அதோடு நம்ம பக்கத்தில் எதிர்க்காற்றும் உண்டு. தஞ்சோங் காராங் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால், காலையில் 28-இல் போன அதே ஆள் 21-க்கு மல்லுக்கட்டுவார். மீட்டரில் வேகம் குறைந்திருக்கும், உழைப்பு குறைந்திருக்காது.

அப்படியென்றால் எதை அளப்பது? இரண்டு விஷயங்களை அளக்கலாம். ஒன்று, கால் கொடுக்கும் திறன். அதற்கு வாட் மீட்டர். மற்றொன்று, அந்தத் திறனுக்காக உடம்பு படும் பாடு. அதற்கு இதயத் துடிப்பளவி. இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

வாட் மீட்டர்: கம்பி எப்படிக் கணக்குச் சொல்கிறது?

1986-இல் உல்ரிக் ஷோபெரர் என்ற ஜெர்மன் பொறியாளர் சைக்கிளில் பொருத்தும் வாட் மீட்டரை உருவாக்கினார். எஸ்ஆர்எம் என்பது அதன் பெயர். இன்று பல நிறுவனங்கள் செய்தாலும் அடிப்படை அதேதான்.

பெடலை மிதிக்கும்போது கிராங்க் என்ற அந்த உலோகக் கை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உலோகப் படலமும் சேர்ந்து நீள்கிறது. உலோகம் நீண்டால் அதன் மின்தடை கொஞ்சம் கூடும். அந்தச் சின்ன மாற்றத்தை வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்று பிடித்துச் சொல்லும். படிவம் ஐந்தில் இயற்பியல் படித்த தம்பி தங்கைகளுக்கு மின்தடை பற்றித் தெரிந்திருக்கும். அதே பாடம்தான் இங்கே வேலை செய்கிறது.

இனி கணக்கு. திறன் என்பது முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவது. கிராங்கில் சராசரி 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சுற்று என்பது விநாடிக்கு 8.38 ரேடியன். 30 × 8.38 = 251 வாட். அவ்வளவுதான்.

வாட் மீட்டருக்குப் பெரிய பலம், எதிர்க்காற்று, ஏற்றம், செம்மண் சாலை எதைப் பற்றியும் கவலைப்படாது. 150 வாட் என்றால் எங்கேயும் 150 வாட்தான். மிதித்த அந்த நொடியே எண் வந்துவிடும்.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, விலை குறைந்த மீட்டர்கள் பெரும்பாலும் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும். வலது கால் வலுவானவருக்குக் கணக்கு குறைத்துக் காட்டும். இரண்டாவது, உலோகம் சூட்டில் மாறும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் அளவு நகர்ந்துவிடும். வெளியே பத்து நிமிடம் வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, விலை. புதிதாக வாங்கினால் நிறையச் செலவாகும். நான் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் பழையது ஒன்று வாங்கினேன். எங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே வாட் மீட்டர் அதுதான்.

துடிப்பளவி: நெஞ்சுப்பட்டை சொல்வது என்ன?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சின்ன மின்துடிப்பு பிறக்கிறது. அது தோல்வரை வரும். நெஞ்சில் கட்டும் பட்டையில் இருக்கும் இரண்டு மின்முனைகள் அதைப் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி அனுப்புகின்றன. கம்பியில்லாமல் உடம்பில் கட்டிக்கொள்ளும் துடிப்பளவியை பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கைக்கடிகாரத்தில் பச்சை விளக்கு மின்னுமே, அது வேறு முறை. தோலுக்குள் பாயும் ரத்தத்தின் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும். அதற்கேற்பப் பச்சை ஒளி திரும்பி வருவதும் மாறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சைக்கிள் கைப்பிடி அதிரும்போதும், கடிகாரம் தளர்வாக இருக்கும்போதும் தப்பான எண் வரலாம். பயிற்சிக்கு நெஞ்சுப்பட்டையே நம்பகமானது. விலையும் வாட் மீட்டரைவிட மிகக் குறைவு. கட்டுவதற்குமுன் மின்முனையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பட்டை கண்டபடி எண் காட்டும்.

துடிப்பளவிக்கும் பலவீனம் உண்டு. இதயம் உடனே பதில் சொல்லாது. திடீரென்று வேகமெடுத்தால் துடிப்பு ஏறி நிலைக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அரை நிமிட வேகப் பயிற்சிக்கு அது உதவாது. முந்தின இரவு தூக்கம் இல்லை, காலையில் கோப்பி அதிகம், லேசான காய்ச்சல், வெயில் என்று எல்லாமே துடிப்பைக் கூட்டும். பலர் இதைக் குறை என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

பயிற்சி தொடங்க ஓர் அடிப்படை எண் வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சத் திறனை எஃப்டிபி என்பார்கள். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிப்பது கஷ்டம். அதனால் 20 நிமிடம் முழு முயற்சியில் மிதித்து, சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்தச் சோதனைக்கு நம்ம வட சிலாங்கூர் மாதிரி இடம் கிடைப்பது கஷ்டம். செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களுக்கு நடுவே வாய்க்காலோரமாக நேராக ஓடும் சாலைகள் இருக்கின்றன. மேடு பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை. விடிந்ததும் கிளம்பினால் காற்றும் இருக்காது. நான் 20 நிமிடத்தில் சராசரி 210 வாட் கொடுத்தேன். அதில் 95 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 200. அதை வைத்து என் பயிற்சி மண்டலங்களைப் பிரித்தேன்.

மண்டலம் 1: 110 வாட்டுக்குக் கீழே. ஓய்வுக்கான மிதி.
மண்டலம் 2: 112 முதல் 150 வரை. நீண்ட தூரத்துக்கான மிதி.
மண்டலம் 3: 152 முதல் 180 வரை. கொஞ்சம் கஷ்டம்.
மண்டலம் 4: 182 முதல் 210 வரை. எல்லையில் நிற்பது.
மண்டலம் 5: 212 முதல் 240 வரை. சில நிமிடங்கள்தான் தாங்கும்.

வாட் மீட்டர் இல்லாதவர்கள் துடிப்பிலேயே எல்லை காணலாம். 30 நிமிடம் தனியாக முழு முயற்சியில் ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 172 வந்தது. அதில் 81 முதல் 89 விழுக்காடு வரை இரண்டாம் மண்டலம். எனக்கு அது 139 முதல் 153 வரை.

220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்று ஒரு கணக்கு எல்லா உடற்பயிற்சிக் கூடத்திலும் எழுதியிருப்பார்கள். அது ஒரு சராசரி மட்டுமே. ஒரே வயதுள்ள இருவருக்கு 10, 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 40 வயதைத் தாண்டியவர்கள், இனிப்புநீர் அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருப்பவர்கள், மிதிக்கும்போது நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வருபவர்கள், இந்த முழு முயற்சிச் சோதனைக்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

இப்போது என் கதைக்கு வருகிறேன். வாட் மீட்டர் வாங்கிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறியியல் படிக்கிற பையன், துல்லியமான எண் கையில் கிடைத்தால் சும்மா இருப்பானா? "துடிப்பு ஏறும் இறங்கும், வாட்தான் உண்மை" என்று குழுவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். 150 வாட்டில் இரண்டு மணி நேரம் என்பது திட்டம். முதல் அரை மணி நேரம் துடிப்பு 140. செம்பனைத் தோட்டத்துக்குள் நிழல் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெட்டவெளிக்கு வந்தபிறகு 148, 155, 160 என்று ஏறிக்கொண்டே போனது. வாட் மட்டும் அதே 150. நானும் துடிப்பைப் பார்க்காமல் வாட்டையே பிடித்துக்கொண்டு மிதித்தேன். புக்கிட் ரோத்தான் பக்கம் வந்தபோது அந்த வெயிலில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. கை நடுங்கியது. இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. கடைக்கார அக்கா உப்புப் போட்ட தண்ணீர் கொடுத்து, ஈரத்துண்டைத் தலையில் போட்டுவிட்டு, "என்னாப்பா, சாவுறதுக்கா சைக்கிள் ஓட்டுற?" என்று திட்டினார்.

நடந்தது என்ன என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனித உடம்பு நாம் சாப்பிட்ட சக்தியில் சுமார் 22 விழுக்காட்டைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது. மீதி எல்லாம் சூடு. 150 வாட் மிதித்தால் உள்ளே 530 வாட் அளவுக்குச் சூடு பிறக்கிறது. வீட்டில் இருக்கும் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. அந்தச் சூட்டை வியர்வை மட்டுமே வெளியேற்றுவதாக இருந்தால் மணிக்கு முக்கால் லிட்டருக்குமேல் ஆவியாக வேண்டும். நம்ம ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டும் வியர்வையால் உடம்பு குளிராது, தண்ணீர்தான் நஷ்டம்.

தண்ணீர் குறையக் குறைய ரத்தத்தின் கொள்ளளவு குறைகிறது. மிச்சமிருக்கும் ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலையைச் செய்ய இதயம் கூடுதல் தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. வாட் மாறாமல் துடிப்பு மட்டும் மெல்ல மெல்ல ஏறுவது இதனால்தான். அன்றைக்கு என் இதயம் தெளிவாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இதை அளக்க எளிய வழி உண்டு. பயணத்தை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியிலும் சராசரி வாட்டைச் சராசரித் துடிப்பால் வகுங்கள். எனக்கு முதல் பாதியில் 150 ÷ 140 = 1.07. இரண்டாம் பாதியில் 150 ÷ 155 = 0.97. கிட்டத்தட்ட 10 விழுக்காடு இறக்கம். இந்த இறக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்தத் தூரத்துக்கும் அந்த வெயிலுக்கும் உடம்பு பழகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேகம் அதிகம், அல்லது அடித்தளப் பயிற்சி போதவில்லை.

வாட் என்பது வரவு, துடிப்பு என்பது செலவு. வரவை மட்டும் பார்த்து வியாபாரம் செய்தவன் கதிதான் எனக்கு அன்றைக்கு.

அப்பாவுக்குக் கட்டிய பட்டை

இந்தப் பாடத்தை எழுத என்னைத் தூண்டியது இன்னொரு சம்பவம். வீட்டில் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 54. தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்தவர், இப்போது தொழிற்சாலையில் பாதுகாவலர். எந்த மீட்டரும் இல்லாமல் வாழ்நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டியவர். வெள்ளிக்கிழமை தோறும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் சைக்கிளில்தான் போவார். கொஞ்ச நாளாக, "மூச்சு வாங்குதுடா, வயசாச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்குப் போகலாம் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் விளையாட்டாக என் நெஞ்சுப்பட்டையை அவருக்குக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனேன். சமதரை, மெதுவான வேகம். துடிப்பு 96 என்றது. அடுத்து 141. பிறகு 118. உடனே 163. பட்டை காய்ந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தி நனைத்துக் கட்டினேன். மறுபடியும் அப்படியே. கருவியில் கோளாறா என்று பார்க்க நானே கட்டிக்கொண்டேன். எனக்குச் சீராக 104, 105, 106 என்று வந்தது. பட்டையில் கோளாறு இல்லை.

"அப்பா, இந்த நம்பரைப் பாருங்க" என்று கைப்பேசியில் இரண்டு கோடுகளையும் காட்டினேன். என் கோடு சாலை மாதிரி நேராக இருந்தது. அவருடையது முள்வேலி மாதிரி இருந்தது. நான் எத்தனை முறை சொல்லியும் கேட்காதவர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. "சரி, திங்கக்கிழமை லீவு போடுறேன்" என்றார்.

கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய் என்று தெரிந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய்விடுவதுதான் காரணம். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார். டாக்டர் அனுமதித்தபடி மெதுவாகச் சைக்கிளும் ஓட்டுகிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுப்பட்டை மருத்துவக் கருவி கிடையாது. அது நோயைக் கண்டுபிடிக்காது. எண் சீராக இருப்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போக ஒரு காரணம் கொடுக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

நல்ல உடல்பலம் உள்ளவருக்கு இதயத்தில் ஒன்றும் வராது என்பதும் தவறான நம்பிக்கை. நம் நாட்டின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் ஓட்டத்தில் உலக வெற்றியாளர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். அவருக்கே இதயத்து ரத்தக்குழாயில் பிறவியிலிருந்து இருந்த கோளாறுக்காக 2022-இல் நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகும் அவர் பந்தயத்துக்குத் திரும்பினார்.

நம்ம சமுதாயத்துக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இனிப்புநீர் இதய நோய்க்கு வாசற்கதவைத் திறந்துவிடும். திருவிழாவில் பார்த்த மாமாவை அடுத்த மாதம் காரியத்தில் படமாகப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கிறது.

பத்து வாரத்தில் நாங்கள் செய்தது

அந்த முதல் நாள் தோல்விக்குப்பிறகு பத்து வாரத் திட்டம் போட்டோம். கையிலிருந்தது ஒரு வாட் மீட்டர், இரண்டு நெஞ்சுப்பட்டை. பட்டைகளை முறைவைத்துக் கட்டிக்கொண்டோம். முதல் முன்னுரிமை வயதில் மூத்தவருக்கும் புதியவருக்கும்.

வாரத்தில் மூன்று நாள். இரண்டு நாள் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஞாயிறு நீண்ட பயணம், 25 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல 50 வரை. நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் தூரத்தைக் குறைத்து ஓய்வு. நீண்டதூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உச்சநிலை வீரர்களே ஐந்தில் நான்கு பயிற்சியை இலேசாகத்தான் செய்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். நம்ம பையன்கள் தினமும் பந்தயம் ஓட்டுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். நாங்கள் வாரத்தில் ஒரு நாளில் மட்டும், அதுவும் 4 நிமிடம் வீதம் நான்கு தடவை, நான்காம் மண்டலத்துக்குப் போனோம்.

எந்தக் கருவியும் இல்லாத நாளில் பேச்சுதான் மீட்டர். முழு வாக்கியம் பேச முடிந்தால் இரண்டாம் மண்டலம். மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் மூன்று, நான்கு. தலையை மட்டும் ஆட்ட முடிந்தால் ஐந்து. முருகன் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொள்வோம். பாட்டு நின்றால் வேகம் குறையும்.

இன்னொன்றும் கற்றோம். ஒருவர் பின்னால் நெருக்கமாக ஓட்டினால் பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். முதலில் வலுவானவர்கள் முன்னால் பறந்துவிடுவார்கள், மற்றவர்கள் தனித்தனியாகக் காற்றோடு போராடுவார்கள். அதை மாற்றினோம். வலுவான இருவர் முன்னால், 44 வயது அண்ணன் அவர்களுக்குப் பின்னால். நான் முன்னால் போனபோது என் வாட் 150-லிருந்து 175-க்கு ஏறியது. பின்னால் அண்ணனின் துடிப்பு 158-லிருந்து 143-க்கு இறங்கியது. என்னிடம் கூடிய வாட்தான் அவரிடம் குறைந்த துடிப்பு. சேவை என்ற வார்த்தையை எத்தனையோ முகாமில் கேட்டிருக்கிறேன். அதை எண்ணாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

விரதம், மூச்சு, ஆணவம்

தைப்பூச விரதம் இருப்பவர்கள் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ள வேண்டும். 150 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் உடம்பு சுமார் 1,170 கலோரி செலவழிக்கிறது. ஒருவேளை சாப்பாட்டோடு இருப்பவர் அதை ஈடுகட்ட முடியாது. விரத நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள், முதல் இரண்டு மண்டலத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். இனிப்புநீர் மருந்து சாப்பிடுபவர்கள் விரதம், பயிற்சி இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அளவோடு உண்பது, அளவோடு உறங்குவது, அளவோடு உழைப்பது பற்றிக் கீதையின் ஆறாம் அத்தியாயம் பேசுகிறது. யோகத்துக்குச் சொன்னது பயிற்சிக்கும் பொருந்தும்.

ஒரு சின்ன சோதனை. நெஞ்சுப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பிராணாயாமம் செய்யுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் ஏறுவதையும், மெதுவாக வெளியே விடும்போது இறங்குவதையும் பல இளைஞர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பாட்டி சொன்னதற்கு அறிவியல் சாட்சி வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கடைசியாக ஆணவம். யாருக்கு எத்தனை வாட் என்று கைப்பேசியில் போட்டுப் போட்டி போடுவது சுலபம். நானும் போட்டவன்தான், புக்கிட் ரோத்தான் கடை வாசலில் வந்து விழுந்தவன்தான். உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள் இறைவன் இருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் சொல்கிறார். உள்ளே சாமி இருக்கும் கோயிலில் மணி அடித்தால் நாம் என்ன செய்வோம்? நின்று கேட்போம்.

அந்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். விளக்கு, தலைக்கவசம், பின்னால் தண்ணீரோடு லாரி. லாரியில் அப்பாவும் வந்தார். அசாம் ஜாவா, ஈஜோக், சுங்கை பூலோ வழியாக, யாருடைய துடிப்பு ஏறுகிறதோ அவருடைய வேகமே குழுவின் வேகம் என்று போனோம். மணிக்கு 28-ஐ எட்டவே இல்லை. ஆனால் ஒன்பது பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் வாந்தி எடுத்த தம்பியும்தான். அப்பா 272 படியையும் நின்று நின்று ஏறினார். நானும் அவரோடு நின்று நின்று ஏறினேன்.

குழுவில் கலந்து பேச:

1. உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் கடைசியாக எப்போது இதயப் பரிசோதனை செய்தார்கள்? செய்யாதவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பீர்கள்?
2. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடத் துடிப்பை ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். எந்த நாளில் கூடியது? முந்தின நாள் என்ன நடந்தது?
3. உங்கள் குழு நடவடிக்கைகளில் வலுவானவர்கள் முன்னால் போய்விடுகிறார்களா, காற்றை மறைத்துக் கொடுக்கிறார்களா?